காணாமல் போன ட்யூப்

கும்பகோணம்,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ கிளாஸ்கோவிலிருந்து அனுப்பிய துப்பறியும் நாவலை நேற்று ராத்திரிதான் முடித்தேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. ஃபோனில் நீ கேட்டபோதெல்லாம் "படிச்சிட்டிருக்கேன்மா" என்று சொல்லி நழுவினேன் இல்லையா, அது பொய்யில்லை. அந்த ஊர் போலீஸ்காரர்கள் பேசுகிற பேச்சை அப்படியே எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார் டோரதி சேயர்ஸ். "கென்" என்றால் "தெரியும்" என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஐம்பது பக்கம் ஆனது. நீ அங்கே கடைத்தெருவில் எப்படித்தான் சமாளிக்கிறாயோ.

உனக்குப் படிக்க நேரம் இருந்திருக்காது. "அப்பா டிராயிங் வாத்தியார், இது ஓவியர்கள் கதை" என்று எடுத்து அனுப்பியிருப்பாய். அதனால் கொலையாளி பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த இடம் வரும்போது முன்கூட்டியே எச்சரிக்கிறேன், வேண்டுமானால் தாண்டிப் போய்விடு.

'ஃபைவ் ரெட் ஹெரிங்ஸ்' 1931-ல் வந்த நாவல். ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையில் காலோவே என்கிற பக்கம். அங்கே குடியிருந்தால் ஒன்று மீன் பிடிப்பார்கள், இல்லை படம் வரைவார்கள் என்றுதான் கதையே ஆரம்பிக்கிறது. கேம்பெல் என்று ஒரு ஓவியர், யாரைப் பார்த்தாலும் சண்டை. ஒருநாள் மதியம் ஓடைக்குள் பாறை மேல் செத்துக் கிடக்கிறார். மேலே கரையில், படம் வைத்து வரைகிற ஈசல் ஸ்டாண்டில் பாதி வரைந்த படம். எண்ணெய் வண்ணம் இன்னும் காயவில்லை. படம் வரைந்துகொண்டே பின்னால் நகர்ந்து பார்த்திருப்பார், கால் தவறி விழுந்திருப்பார் என்று எல்லோருக்கும் தோன்றுகிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒருமுறை மகாமகக் குளக்கரையில் நானே அப்படிப் பின்வாங்கி இரண்டு படி உருண்டிருக்கிறேன், உனக்கு ஞாபகம் இருக்கும்.

ஆனால் உடம்பு விறைத்திருக்கிற விதத்தைப் பார்த்தால் ஆள் செத்து வெகுநேரம் ஆகியிருக்கிறது. அப்படியென்றால் காலையில் அங்கே உட்கார்ந்து வரைந்ததாகப் பார்த்தவர்கள் சொல்வது யாரை? கொன்றவனையேதான். செத்தவன் உயிரோடு இருந்ததாகக் காட்டுவதற்காக, அவன் பாணியிலேயே ஒரு படத்தைப் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஆக, கொலையாளியும் ஓவியன். அந்த வட்டாரத்தில் அப்படி வரையக்கூடியவர்கள் ஆறு பேர். ஐந்து பேர் நம்மைத் திசை திருப்ப (தலைப்பில் வருகிற 'ரெட் ஹெரிங்' என்றால் அதுதான்), ஒருவன் நிஜம்.

இப்போது எச்சரிக்கை. அடுத்த இரண்டு பத்தி வேண்டாமென்றால் விட்டுவிடு.

துப்பறிகிற பீட்டர் விம்சி பிரபு, செத்தவரின் பையைக் கொட்டி ட்யூப்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். ஏதோ ஒன்றைக் காணோம் என்று சார்ஜென்ட்டைத் தேடச் சொல்கிறார். என்ன என்று நமக்குச் சொல்லவில்லை! புத்திசாலி வாசகருக்கே தெரிந்துவிடும், அதனால் இந்தப் பக்கத்தில் விட்டுவிட்டேன் என்று சேயர்ஸ் அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்புப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். அம்மாடி, எனக்கு வந்த கோபம்! முப்பத்தோரு வருஷம் டிராயிங் சொல்லிக்கொடுத்தவனுக்கே சவாலா? புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பரணில் ஏறினேன். "எதுக்கு இந்த வயசுல ஏணி" என்று அம்மா ஒருபாட்டம் திட்டினாள். உன் பழைய ஆயில் கலர் பெட்டியை எடுத்துத் திறந்தேன். பிரஷ்யன் நீலம் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. கிரிம்சன் மூடியைத் திறக்க இடுக்கி வேண்டும். வெள்ளை ட்யூப் மட்டும் தீர்ந்துபோன டூத்பேஸ்ட் மாதிரி வாலிலிருந்து சுருட்டிச் சுருட்டி, கழுத்துவரை நசுங்கிக் கிடந்தது.

வெள்ளைதான். வாட்டர் கலரில் காகிதத்தையே வெள்ளையாக விட்டுவிடலாம். எண்ணெயில் அது நடக்காது. வானம், நுரை, பாறையில் விழுகிற வெளிச்சம், எதற்கும் வெள்ளையைக் கலந்தாக வேண்டும். அதனால்தான் வெள்ளையை மட்டும் பெரிய ட்யூபாக வாங்குவோம். அந்தக் காலத்தில் அது ஈய வெள்ளை. சுத்த விஷம். கை கழுவாமல் டீ கிளாஸைத் தொட்டால் எங்கள் வாத்தியார் ஸ்கேலாலேயே போடுவார். சரி, வெள்ளை இல்லாமல் அந்தப் படத்தைப் போட்டிருக்க முடியாது, ஆனால் பையில் வெள்ளை இல்லை. வரைந்தவன் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். விம்சிக்குத் தெரிந்த அதே இடத்தில் எனக்கும் தெரிந்துவிட்டது. ஏணியில் இறங்கி வந்து அம்மாவிடம் காபி வாங்கிக் குடித்தேன், ராஜா மாதிரி.

அதற்கப்புறம் கதை ரயில் அட்டவணைக்குள் புகுந்துவிடுகிறது. எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த ஸ்டேஷனில் சைக்கிள் ஏறியது, டிக்கெட்டில் யார் ஓட்டை போட்டது என்று நூறு நூறு பக்கம். நான் நிறைய இடத்தில் தூங்கிவிட்டேன். கடைசியில் போலீஸ்காரர்கள் ஆளுக்கொரு ஓவியரைக் குற்றவாளியாக்கி ஆளுக்கொரு கதை சொல்வதும், விம்சி தானே கொலையாளியாக நடித்து ஒருநாள் முழுக்க எல்லாவற்றையும் செய்து காட்டுவதும் பிரமாதம்.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்குத் தீரவில்லை. இன்னொருத்தர் பாணியைக் காப்பி அடித்துவிடலாம். நிறம், அமைப்பு எல்லாம் வந்துவிடும். கை எங்கே போகும்? நீ பிளஸ் ஒன் படிக்கும்போது உங்கள் விலங்கியல் டீச்சர் நான்கு ரெக்கார்ட் நோட்டோடு நம் வீட்டுக்கு வந்தார்கள், நீ டியூஷன் போயிருந்தாய். "சார், இதெல்லாம் ஒரே ஆள் வரைஞ்சதா பாருங்க" என்றார்கள். நான்கு தவளை. ஒன்று அழுத்திப் போட்டது, ஒன்று மெலிதாக, ஒன்றில் வேண்டுமென்றே காலைக் கோணலாக்கியிருந்தாய். எல்லாம் சரிதான், ஆனால் நான்கு தவளையின் முதுகிலும் நிழல்கோடு இடமிருந்து வலமாகக் கீழே சரிந்து ஓடியது. இடதுகைக்காரர் கோடு அப்படித்தான் விழும். உங்கள் வகுப்பில் இடதுகை எத்தனை பேர்? "தெரியலைங்களே" என்று சொல்லி டீச்சரை அனுப்பிவைத்தேன். பதினாறு வருஷம் ஆகிறது, இன்றைக்குத்தான் சொல்கிறேன். ஒரு நோட்டுக்கு என்ன வாங்கினாய்? ஐஸ்கிரீமா?

இன்னொன்று. கதையில் வருகிற ஊர்களும் ரயில்களும் நிஜம்தான் என்று முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். கேட்ஹவுஸ் ஆஃப் ஃப்ளீட்டில் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தவர், அந்த ஹோட்டல்காரருக்கு எழுதியதுதான் முன்னுரையே. ரயில் இப்போது இல்லை, 1965-ல் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். நீ போவதென்றால் டம்ஃப்ரீஸ் வரைக்கும் ரயிலில் போய் அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். போக வேண்டிய ஊரை எழுத்துப்படி படித்தால் 'கிர்க்கட்பிரைட்', வாயில் சொல்வது 'கிர்கூப்ரி'யாம். திருவல்லிக்கேணியை 'டிரிப்ளிகேன்' ஆக்கினவர்கள் சொந்த ஊரையும் விட்டுவைக்கவில்லை.

அங்கே நிஜமாகவே ஓவியர்கள் கூட்டமாகக் குடியிருந்திருக்கிறார்கள். ஹார்னல் என்பவர் 1901-ல் வாங்கிய பிராட்டன் ஹவுஸ் இன்னும் இருக்கிறது, பின்னால் ஜப்பான் சாயலில் தோட்டம். மனிதர் ஜப்பான் போய் வந்தவர், 1907-ல் இலங்கைக்கும் போயிருக்கிறார். உங்கள் கிளாஸ்கோ கலைப்பள்ளியில் சொல்லிக்கொடுத்த ஜெஸ்ஸி கிங் அம்மாவும் அங்கேதான் கடைசிவரை இருந்தார். அவர் கோட்டைப் பார், நூல் மாதிரி இருக்கும்.

ஒரு சனிக்கிழமை போய்விட்டு வா. ஃபோனில் போட்டோ எடுத்து அனுப்பாதே, அது என்னிடம் நூறு இருக்கிறது. ஓடைப் பக்கமாக உட்கார்ந்து ஏதாவது ஒன்று வரைந்து அனுப்பு. பார்த்து உட்கார், பின்னால் நகராதே. உன் பெட்டியைத் துடைத்து, காய்ந்த மூடிகளை டர்பன்டைனில் ஊறவைத்திருக்கிறேன். பெரியப்பா பையன் அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறான், கொடுத்தனுப்புகிறேன். வெள்ளை மட்டும் கிடையாது. இங்கே வாங்கி வைக்கட்டுமா, அங்கேயே வாங்கிக்கொள்கிறாயா?

அப்பா