குரூக்‌ஷாங்கை ஒரே வரியில் ஒதுக்கிவிடலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் விக்டோரியா காலத்துக் கேலிச்சித்திரங்கள் பற்றிய கட்டுரை படித்தேன், பஞ்ச் பத்திரிகை பற்றிய பகுதி நன்றாக இருந்தது. ஆனால் அக்காலத்து ஆங்கிலேயக் கேலிச்சித்திரக்காரர் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க், குடியை விட்டதும் உபதேசத்தில் இறங்கிக் கலையைக் கோட்டைவிட்டவர் என்று ஒரே வரியில் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் வரிசையே தலைகீழ். குடியால் ஒரு குடும்பம் அழிவதை எட்டுப் படங்களில் சொல்லும் அவருடைய ‘தி பாட்டில்’ 1847இல் வந்தபோது அவர் குடியை விட்டிருக்கவில்லை, அதை வெளியிட்ட பிறகுதான் மதுவைத் தொடுவதில்லை என்று உறுதி எடுத்தார். அவருடைய அப்பா ஐசக்கும் கார்ட்டூனிஸ்ட்தான், 1811இல் குடிப்போட்டி ஒன்றுக்குப் பிறகு இறந்துபோனதாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவர் வரைந்ததை வெறும் பிரசங்கம் என்று எப்படித் தள்ளுவது?

படங்களைப் பொறுமையாகப் பாருங்கள். முதல் படத்தில் குறையொன்றும் இல்லாத வீடு, அடுப்பில் தீ, விளையாடும் பிள்ளைகள், கணவன் மனைவியிடம் “ஒரு சொட்டுதானே” என்று கிளாஸை நீட்டுகிறான். அடுத்ததில் வேலை போய்விட்டது, துணிமணி அடகுக்குப் போகிறது. மூன்றாவதில் ஜப்தி, சாமான்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஏழாவதில் அதே பாட்டிலால் மனைவியைக் கொன்றுவிடுகிறான். ஒரே குடும்பம் படத்துக்குப் படம் தேய்ந்துகொண்டே போவதைப் படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்வார். விலையும் எட்டுப் படத்துக்கும் சேர்த்து ஒரு ஷில்லிங்தான். செம்புத் தகட்டில் வரைந்தால் கொஞ்சப் பிரதிகளிலேயே கோடு தேய்ந்துவிடும் என்பதால் மெழுகில் கீறி மின்முலாம் வழியாக அச்சு எடுக்கும் அன்றைய புது முறையைப் பிடித்தார், கோடு கரடுமுரடாக விழுந்தாலும் பரவாயில்லை, நிறையப் பேர் கைக்குப் போக வேண்டும் என்று. அந்த வருடமே லண்டனில் அது நாடகமாகவும் மேடையேறியது.

இதில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் நண்பரான நாவலாசிரியர் டிக்கன்ஸே கேட்டார், துக்கம், வறுமை, அறியாமை என்று மனிதனைக் குடிக்குத் தள்ளும் காரணங்கள் படத்தில் எங்கே என்று. நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பாதிப் பதிலை குரூக்‌ஷாங்க் 1829லேயே ‘தி ஜின் ஷாப்’ படத்தில் வரைந்துவிட்டார். அதில் குடிக்க வந்தவர்கள் நிற்பதே ஒரு பெரிய இரும்புப் பொறிக்குள், பீப்பாய்கள் சவப்பெட்டி வடிவில் இருக்கின்றன, கைக்குழந்தைக்குத் தாய் ஜின் புகட்டுகிறாள், காவல்காரன் வேஷத்தில் எமன் லாந்தரோடு காத்திருக்கிறான். குற்றவாளி அங்கே கடை. மதுவிலக்கு இயக்கத்தார் ‘தி பாட்டில்’ படங்களைத் தலையில் வைத்துக் கொண்டாடியதற்குக் காரணம் உண்டு என்று நினைக்கிறேன்: 1832இல் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் அந்த இயக்கத்தின் முன்னோடி ஜோசப் லைவ்ஸியும் தோழர்களும் குடிப்பதில்லை என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து, அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒவ்வொரு குடிகாரனுடைய கையெழுத்துதான், கடைக்காரனுடைய கணக்கு இல்லை.

சரி, ஒன்றில் உங்கள் கட்டுரையாளரோடு ஒத்துப்போகிறேன். பின்னாளில் அவர் தேவதைக் கதைகளைத் திருத்தி எழுதியபோது, சிண்ட்ரெல்லாவின் கல்யாணத்துக்கு ஊரிலுள்ள சாராயத்தையெல்லாம் கொளுத்துவதாகக் கதையையே மாற்றியது வீண் வேலை. அதை வைத்து மற்றதையும் தள்ளிவிடக் கூடாது.

அடுத்த இதழில் ‘தி ஜின் ஷாப்’ படத்தை முழுப்பக்கத்தில் போடுங்கள். சின்னதாகப் போட்டால் அந்தப் பொறியின் பற்கள் தெரியாது.

அன்புடன்,
ஒரு வாசகர், திருச்சி