செயலாளர் ஆண்டறிக்கை: 19 படிகளும் ஒரு புத்தகமும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்தக் குளிரில் இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

கிழக்கு லண்டனில் நாம் நடத்திவரும் இந்தச் சிறிய வாசகர் வட்டத்தின் ஓராண்டு நடவடிக்கைகளை வாசிக்கிறேன். சீக்கிரம் முடிக்கச் சொல்லித் தலைவர் காதைக் கடித்திருக்கிறார். முடிந்தவரை பார்க்கிறேன்.

இந்த ஆண்டு பத்துக் கூட்டங்கள் நடந்தன. ஆகஸ்டில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள், டிசம்பரில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள், அதனால் இரண்டு மாதம் கூடவில்லை. வரவு செலவைப் பொருளாளர் அக்கா தனியே வாசிப்பார். கடன் இல்லை, கையிருப்பும் பெரிதாக இல்லை. தேநீர்க் குடுவையின் மூடி உடைந்து புதிது வாங்கியதுதான் பெரிய செலவு. உடைத்தவர் யார் என்று கேட்க வேண்டாம், அவர்தான் இந்த அறிக்கையை எழுதியவர்.

ஏழு கூட்டங்கள் வழக்கம்போல சிறுகதை, கவிதை, ஒரு பயணநூல் என்று அமைதியாகப் போயின. மீதி மூன்றையும் ஒரே புத்தகம் விழுங்கிவிட்டது. அதனால்தான் இரண்டு பேர் கொஞ்ச நாள் வராமல் இருந்தார்கள், ஒருவருக்கொருவர் பேசாமல் இருந்த நாட்களும் உண்டு. ஆகவே அறிக்கையில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்த நாட்டில் எழுதப்பட்ட ஒன்றைப் படிக்கலாம் என்பது சென்ற பொதுக்கூட்டத் தீர்மானம். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் இளைய உறுப்பினர் தம்பி, ஜோ அபர்க்ராம்பியின் 'தி பிளேட் இட்செல்ஃப்' நாவலைச் சொன்னார். 2006இல் இதே லண்டனில் கோலான்ஸ் பதிப்பகம் வெளியிட்டது, மூன்று பாகக் கதையின் முதல் பாகம். எழுதியவர் லங்காஸ்டர்காரர், எழுத வருமுன் திரைப்பட, தொலைக்காட்சிப் படத்தொகுப்பாளர். நான் வாட்ஸ்அப் குழுவில் 'அடுத்த மாதம் ஒரு மாயாஜால நாவல், அனைவரும் வருக' என்று போட்டேன். மந்திரவாதி வருகிறார், வாள் வருகிறது, வேறு என்ன சொல்வது? இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டன. மூத்தவளுக்கே ஒன்பது வயது. விசாரணை அறையில் விரலை வெட்டும் காட்சியைப் பேசத் தொடங்கிய ஐந்தாவது நிமிடம், பிள்ளைகளைப் பக்கத்து அறைக்கு அனுப்பி வண்ணப் பென்சில் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெற்றோரிடம் இந்த அறிக்கை வாயிலாக இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ரத்தமும் கொடுமையும் நிறைந்த இந்த வகை மாயாஜால நாவல்களை ஆங்கில வாசகர்கள் 'கிரிம்டார்க்' என்கிறார்கள். 1987இல் வந்த 'வார்ஹேமர் 40,000' என்ற பொம்மைப் போர் விளையாட்டின் விளம்பர வரியிலிருந்து முளைத்த சொல். அபர்க்ராம்பி 'லார்ட் கிரிம்டார்க்' என்றே தன் ட்விட்டர் பெயரை வைத்துக்கொண்டவர். தமிழில் இதை என்ன சொல்வது என்று ஆரம்பித்து இருபது நிமிடம் போனது. 'இருண்மைக் காவியம்' என்றார் தமிழாசிரியர் ஐயா. 'விடியாமூஞ்சிக் கதை' என்றார் பொருளாளர் அக்கா. குறிப்பேட்டில் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் கூட்டத்தின் சண்டை, கதை நகர்கிறதா இல்லையா என்பது. முன்னுரை அத்தியாயத்தின் தலைப்பே 'முடிவு'. லோகன் என்ற வடநாட்டுப் போர்வீரன், ஒன்பது விரல்காரன், காட்டில் துரத்தப்பட்டு மலை விளிம்பிலிருந்து ஆற்றில் விழுகிறான். பிழைத்து வந்து பார்த்தால் கூட்டாளிகள் யாரும் இல்லை, சமையல் சட்டி ஒன்றுதான் மிச்சம். அந்தச் சட்டியோடு பேசிக்கொண்டே நடக்கிறான். இது எல்லோருக்கும் பிடித்திருந்தது. அப்புறம்தான் தகராறு. 500 பக்கங்களுக்கு மேல் போகிறது புத்தகம். கடைசியில் ஒரு கூட்டம் கப்பல் ஏறுகிறது, ஒருவன் வடக்கே போருக்குப் போகிறான், இன்னொருவனை ஓர் ஊருக்கு அனுப்புகிறார்கள், முடிந்தது. 'கல்யாணத்துக்குப் பந்தல் போட்டு, இலையும் போட்டு, சோறு அடுத்த வருசம்னு சொல்ற மாதிரி இருக்கு' என்றார் துணைத்தலைவர்.

உடனே பொன்னியின் செல்வன் வந்தது. நம் வட்டத்தில் எந்தப் பேச்சும் பத்து நிமிடத்துக்குள் அங்கே போய்விடும். அதிலும் முதல் பாகம் முழுக்க ஆட்கள் அறிமுகம்தானே, 1950இலிருந்து 1954 வரை வாரா வாரம் காத்திருந்து படித்தார்களே என்று தம்பி கட்சிக்கு ஆதரவாக ஒருவர் பேசினார். அதற்குத் துணைத்தலைவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் சரியாகப் படுகிறது. வந்தியத்தேவன் கையில் ஓலை இருக்கிறது. அதை யாரிடம் சேர்க்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். அவன் வழியில் எத்தனை வம்பை விலைக்கு வாங்கினாலும் ஓலை நினைவில் இருக்கிறது. இங்கே பயாஸ் என்ற மந்திரவாதி ஆள் ஆளாகச் சேர்க்கிறார், எதற்கு என்று கடைசிவரை சொல்ல மாட்டேன் என்கிறார். ஆட்களைப் பிடித்துப்போனவர்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை. பிடிக்காதவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். ஸ்டீவன் பேஸி என்ற நடிகர் வாசித்த ஒலிப்புத்தகத்தைக் கேட்டவர்கள் நால்வரும் நாவலின் பக்கம். சுமார் 22 மணி நேரம், வேலைக்குப் போகும் வழியில் கேட்டிருக்கிறார்கள். ஆளுக்கொரு குரல், பல் போனவனுக்குப் பல் போன குரல். 'கதை நகரலன்னா என்ன, ரயில் நகருதே' என்றார் அவர்களில் ஒருவர்.

இரண்டாம் கூட்டம் வெஸ்ட் என்ற பாத்திரத்தால் நாசமாயிற்று. மன்னிக்கவும், சூடேறியது என்று எழுதியிருக்க வேண்டும். பிரபுக்கள் நிறைந்த படையில் சாதாரணக் குடும்பத்திலிருந்து உழைத்து மேஜராக உயர்ந்தவன் அவன். வாயாடி, கண்ணாடி முன் நின்று தன் தாடையை ரசிக்கும் கேப்டன் ஜெசால் போன்றவர்களுக்கு நடுவே, இந்த ஒருவன்தான் மனுசன் என்று வாசகர் நம்பிக்கொண்டே வருவார். அப்புறம் அந்த ஜெசாலோடு பழகியதற்காகத் தன் தங்கை ஆர்டியைக் கைநீட்டி அடிக்கிறான்.

பெண் உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்பார்கள் என்று நினைத்தேன், என் அறியாமை. பொருளாளர் அக்காவுக்குக் கோபம். 'நல்லவன் ஒருத்தனைக் காட்டவே கூடாதுன்னு சத்தியம் பண்ணிட்டு எழுதியிருக்கான். ஊறுகாய் ஜாடியில எதைப் போட்டாலும் உப்பு ஏறத்தானே செய்யும்? அதுல என்ன நிஜம் இருக்கு?' என்றார். ஆர்டி குடிக்கிறாள், குத்தலாகப் பேசுகிறாள், மற்றபடி வீட்டில் காத்திருக்கிறாள், தப்பிவந்த அடிமைப் பெண் ஃபெர்ரோவுக்குப் பழிவாங்குவதைத் தவிர வேறு நினைப்பில்லை, இவ்வளவு பெரிய உலகத்தில் சொல்லிக்கொள்ள இரண்டே பெண்களா என்பது அவருடைய அடுத்த கேள்வி. அதற்குத் தம்பியிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

ஆனால் மருத்துவமனையில் தாதியாக இருக்கும் அக்கா அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேறு சொன்னார். இரவுப் பணியில் அவர் பார்க்கும் பெண்களைக் கூட்டிவருகிறவர்களில் பலர் தங்கமான மனிதர்கள்தானாம், அக்கம்பக்கமே சாட்சி சொல்லுமாம். 'வில்லன் அடிச்சிருந்தா நான் பக்கத்தைப் புரட்டிட்டுப் போயிருப்பேன். இவன் அடிச்சதால நிறுத்திட்டு முன்னாடி போய்த் திரும்பப் படிச்சேன், எங்க கோட்டை விட்டேன்னு.' இரண்டு அக்காக்களும் அன்று தனித்தனி பஸ்ஸில் போனார்கள். வழக்கமாக ஒரே பஸ்.

மூன்றாம் கூட்டம் க்ளோக்டாவுக்கு. இவன் ஒரு காலத்தில் வாள்வித்தைப் போட்டியில் வென்ற அழகன். எதிரி நாட்டுச் சிறையில் இரண்டு வருடம் கிடந்து உடம்பு சிதைந்து வந்தவன். மேல் வரிசையில் பல் இருக்கும் இடத்தில் கீழே இல்லை, கீழே இருக்கும் இடத்தில் மேலே இல்லை, அப்படிப் பார்த்துப் பிடுங்கியிருக்கிறார்கள், எதையும் மெல்ல முடியாது. இப்போது அதே வேலையை அவன் மற்றவர்களுக்குச் செய்கிறான், அரசாங்க விசாரணை அதிகாரியாக. முதலில் மேசைக்கு எதிரே உட்கார வைப்பதே ஒரு பழைய நண்பனை. அவன் வாய் ஒன்று சொல்லும், அடுத்த வரியில் சாய்ந்த எழுத்தில் மனசு இன்னொன்று சொல்லும். அந்த மனசுக்கு நல்ல நகைச்சுவை. உலகத்தில் அவன் அதிகம் வெறுப்பது மாடிப்படியை.

நான் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் உட்கார்ந்து இதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். கூட்டத்தில் அதைச் சொல்லவும் செய்தேன். தமிழாசிரியர் ஐயா என்னோடு சேர்ந்துகொண்டார். கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பேய்கள் யானைத் தந்தத்தால் பல் விளக்கி, விலா எலும்பால் நாக்கு வழித்துவிட்டுக் கூழ் சமைப்பதை நாம் பள்ளிக்கூடத்தில் சிரித்துக்கொண்டுதானே படித்தோம், துச்சாதனன் ரத்தத்தைக் குடித்த வீமனுக்குக் கோயில் திருவிழாவில் கைதட்டினோமே, இது என்ன புதுசா என்றார். பரணியில் சிரிப்பது பேய், அது பேயின் வேலை, இங்கே ஒரு மனிதன் நம் காதுக்குள் உட்கார்ந்து நம்மையும் சிரிக்க வைத்துக்கொண்டே கத்தியை எடுக்கிறான், அதுதான் வித்தியாசம் என்றார் துணைத்தலைவர்.

அதுவரை பேசாமல் இருந்தவர், யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் வந்த நம் மூத்த உறுப்பினர் ஐயா. அவர் மெதுவாகச் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதியபடியே தருகிறேன். 'தம்பி, நான் இரண்டாம் அத்தியாயத்தோட மூடி வச்சிட்டன். அந்த அறையைப் பற்றிச் சரியாத்தான் எழுதியிருக்கிறான். படி விசயமும் சரி. ஆனா எனக்குச் சிரிக்க ஏலாமக் கிடக்கு.'

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தேநீர் ஊற்றப்பட்டது. தம்பி முகம் சுண்டிப்போயிருந்தது, தான் கொண்டுவந்த புத்தகம் என்பதால். நான் அன்றிரவு அந்த அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். எனக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது, அதே இடத்தில். வெட்கமாகவும் இருந்தது. பிடித்திருக்கிறது என்றவர்களும் பிடிக்கவில்லை என்றவர்களும் மூன்று மாதமும் ஒரே பக்கத்தைக் காட்டித்தான் சண்டை போட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. சாய்ந்த எழுத்தில் வரும் அந்த மனக்குரலை எடுத்துவிட்டால் ஐயாவுக்கு இருந்த மறுப்பு பாதி போய்விடும், எனக்கு இருந்த மகிழ்ச்சி முழுதாகப் போய்விடும். நாவலின் பெயரே ஹோமரின் ஒடிசியிலிருந்து எடுத்தது, ஆயுதமே மனிதனை வன்முறைக்குத் தூண்டிவிடும் என்ற பொருளில் வரும் வரி. ஒரு நல்ல நகைச்சுவைக் குரலும் அந்த வேலையைச் செய்யும் போலிருக்கிறது. செயலாளர் நடுநிலையோடு எழுத வேண்டும் என்று விதிமுறையில் இருக்கிறது. இந்தப் பத்தியை மட்டும் விட்டுவிடுங்கள்.

அடுத்த பாகமான 'பிஃபோர் தே ஆர் ஹேங்ட்' நாவலையும் படிக்கலாமா என்று வாக்கெடுத்ததில் எட்டுக்கு எட்டு. தலைவர் தன் தீர்மான வாக்கை 'வேண்டாம்' பக்கம் போட்டார். படிக்க விரும்புகிறவர்கள் தனியாகக் கூடிக்கொள்ளலாம், ஆனால் வட்டத்தின் பணத்தில் பிஸ்கட் வாங்கக் கூடாது என்று முடிவானது. பொருளாளர் அக்காவும் அந்தத் தனிக் கூட்டத்துக்குப் போகிறார் என்று கேள்விப்படுகிறேன். திட்டுவதற்காம்.

புதிய உறுப்பினர்கள் மூவர், அவர்களை வரவேற்கிறோம். நூலகத்துக்குத் திருப்பித் தர வேண்டிய பிரதிகள் இரண்டு இன்னும் வரவில்லை. வைத்திருப்பவர்களுக்கே தெரியும்.

கடைசியாக, இடம். நாம் கூடும் இந்த மாடி அறைக்கு 19 படிகள். இத்தனை வருடம் யாரும் எண்ணியதில்லை. க்ளோக்டாவைப் படித்தபிறகு தம்பிதான் எண்ணிச் சொன்னார். நம்மில் ஏழெட்டுப் பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறுகிறோம், அதை ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. அடுத்த மாதம் முதல் கீழ்த்தளத்து அறைக்கு மாறுகிறோம். வாடகை கொஞ்சம் கூடுதல், ஜன்னல் கிடையாது, ஆனாலும் செயற்குழு ஒருமனதாக ஏற்றது. இந்த ஆண்டு ஒருமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் இது.

நேற்று அறையைப் பார்க்கப் போனபோது யாழ்ப்பாணத்து ஐயாவும் வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தம்பியைக் கூப்பிட்டு, 'அந்தக் கால் ஏலாத மனுசனுக்குக் கடைசியில என்ன நடந்தது?' என்று கேட்டார்.

'இன்னும் ரெண்டு புத்தகம் இருக்கு ஐயா' என்றார் தம்பி.

இப்படிக்கு,
செயலாளர்