கணவாய்க் கணக்கில் நிலாவையும் சேருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கணவாய் மீன் வரத்துக் குறைந்தது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு மாத வரத்தை அதற்கு முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டு, அளவுக்கு மீறிப் பிடித்ததுதான் காரணம் என்று ஒரே போடாகப் போட்டிருக்கிறார் கட்டுரையாளர். அளவு மீறவில்லை என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் குளச்சல் பக்கம் கணவாய் வாங்கி விற்கிறவன் என்ற முறையில், அந்த ஒப்பீடு செல்லாது என்பேன்.

ஊசிக்கணவாய் (ஸ்க்விட்) பகலில் கடல் தரையை ஒட்டிக் கிடக்கும், இரவில் மேலே ஏறும். அமாவாசையை ஒட்டிய இருட்டில் ஒரு விளக்கைக் காட்டினால் சிறுமீன் கூடும், அதைத் தின்னக் கணவாய் வரும். வெளிச்சத்தின் நடுவுக்கு வராது. படகின் நிழல் விழுகிற ஓரமாக நிற்கும். தூண்டிலை அங்கேதான் ஏற்றி இறக்க வேண்டும். பௌர்ணமியன்று கடல் முழுக்க வெளிச்சம், நம் விளக்கை எது மதிக்கும்? (விளக்கு வைத்துப் பிடிக்க 2017 நவம்பரில் மத்திய அரசு தடை போட்டது சரிதான். நான் சொல்வது கணவாயின் குணத்தை.) பகலில் தரையை அரித்து வரும் விசைப்படகின் இழுவை மடிக்கு (இழுவலைக்கு) நிலா பெரிய பொருட்டல்ல. அதனால் ஒரே வாரத்தில் விசைப்படகுக்காரர் பெட்டி பெட்டியாக இறக்குவார், தூண்டில்காரர் வெறுங்கையோடு வருவார். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகப் போட்டால் அதில் என்ன தெரியும்?

மடிக்கு முக்கியம் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் (மேற்கிலிருந்து வீசும் காற்று) ஒழுங்காக அடித்தால், மேல்நீர் கரையை விட்டு விலகி, அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலே வரும். மிதவை உயிரிகள் பெருகும், சாளையும் நெத்திலியும் சேரும், பின்னாலேயே கணவாய். ஜூலை 31-ல் மேற்குக் கரைத் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கும்போது நல்ல மீன்பாடு கிடைப்பது இதனால்தான். காற்று சோர்ந்த வருடம் இந்தக் கணக்கு பிசகும். மழை மிஞ்சினாலும் வம்புதான். தேங்காய்ப்பட்டணம் பொழியில் (ஆறு கடலில் சேரும் வாயில்) குழித்துறையாறு செந்நீராகக் கொட்டும் நாட்களில் கரையோரம் தூண்டில் போடுவது வீண். கணவாய் கண்ணால் பார்த்து இரை பிடிப்பது. உப்புக் குறைந்த நீரும் அதற்கு ஆகாது.

இதைவிடப் பெரிய விஷயம், ஊசிக்கணவாயின் ஆயுள் ஏறத்தாழ ஒரு வருடம்தான். சூரை, நெய்மீன் மாதிரி முந்தைய வருடத்துக் கூட்டம் மிச்சம் நின்று கைகொடுக்காது. முட்டை பொரிக்கும் காலத்தில் நீரின் சூடு மாறினால் அடுத்த சீசனிலேயே அடி விழும். ஜப்பானில் ஹகோடாடே போன்ற துறைமுகங்களில் 2010-களில் கணவாய் வரத்துச் சரிந்தபோது, முட்டையிடும் பகுதியின் வெப்பநிலை மாற்றத்தையும் அங்குள்ள ஆய்வாளர்கள் முக்கியக் காரணமாகச் சொன்னார்கள்.

அடுத்த முறை வரத்துப் பட்டியல் வெளியிடும்போது மடிக்குத் தனி, தூண்டிலுக்குத் தனி என்று பிரித்துப் போடுங்கள். பக்கத்தில் வளர்பிறையா தேய்பிறையா, நீர் தெளிவா கலங்கலா என்றும் ஒரு வரி இருக்கட்டும். ஏலக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இப்படிக்கு,
கணவாய் வியாபாரி ஒருவர்,
குளச்சல்