ரீஃப் டேங்க்குக்கு ஆள் வைக்கலாம், எதுக்குன்னு தெரிஞ்சு வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்ல கடல் மீன் தொட்டி வைக்கிறத பத்தி உங்க ஞாயிறு இணைப்புல வந்த கட்டுரைய படிச்சேன், படமெல்லாம் கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சு, ஆனா கடைசில போற போக்குல, நேரம் இல்லாதவங்க வாரம் ஒருதடவை ஆள் வரச்சொல்லி பராமரிச்சுக்கலாம்னு ஒரு வரி போட்டு முடிச்சிட்டீங்க. நன்னீர் தொட்டின்னா அந்த ஒரு வரி போதும். கோரல், அதாவது உயிருள்ள பவளம் வெச்ச ரீஃப் டேங்க்குக்கு அது பத்தாது, அத நம்பி ஆசையா வாங்கிட்டு கொஞ்ச நாள்லயே எல்லாத்தையும் வந்த விலைக்கு தள்ளிட்டு போறவங்க நிறைய பேர், அதான் எழுதுறேன்.

ஆள் வைக்கவே கூடாதுன்னு சொல்ற கட்சி இல்ல நான். எல்லாத்தையும் நாமளே பண்ணாதான் ஹாபி, ஆள் வைக்கிறவனுக்கெல்லாம் எதுக்கு கோரல்னு பேசுறவங்கள பாத்தா எனக்கே எரிச்சலா வரும். என் சண்டை வேற. கை வேலைய அடுத்தவங்ககிட்ட கொடுக்கலாம், கண் வேலைய கொடுக்க முடியாது. நம்ம ஆளுங்க ரெண்டையும் ஒண்ணா கட்டி, வாரத்துக்கு ஒருதடவை வந்து ஒரு மணி நேரம் நிக்கிறவர் தலையில வெச்சுட்டு நிம்மதியா உக்காந்துடுறாங்க.

வாரம் ஒருதடவை ஏன் பத்தாதுன்னா, முதல்ல தண்ணிய எடுத்துக்கங்க. டேங்க்ல இருந்து தினமும் தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது, அது உள்ளயேதான் இருக்கும். அதனால குறையுற அளவுக்கு நல்ல தண்ணி, அதுவும் குழாய் தண்ணி இல்ல, கரைஞ்சதையெல்லாம் ஃபில்டர்ல எடுத்துட்டு, டிடிஎஸ் மீட்டர்ல பூஜ்யம் காட்டுற ஆர்ஓ டிஐ தண்ணி, தினமும் ஊத்தணும். உப்பு 35 பிபிடி (ஒரு கிலோ தண்ணில 35 கிராம்), அதாவது அடர்த்தி கணக்குல 1.026 பக்கம், அங்கயே நிக்கணும். கீழ சம்ப்னு ஒரு துணைத் தொட்டி இருக்குற டேங்க்ல மேல பாத்தா தண்ணி குறைஞ்சதே தெரியாது, தண்ணிய மேல திருப்பி அனுப்புற ரிட்டர்ன் பம்ப் இருக்குற அறையில மட்டும்தான் இறங்கும், நாலஞ்சு நாள் யாரும் பாக்கலன்னா பம்ப் காத்த இழுத்து கொடகொடன்னு சத்தம் போட ஆரம்பிக்கும், டேங்க் முழுக்க பொடிப்பொடியா குமிழியா இருக்கும். வாரக் கடைசில வர்றவர் மொத்தத்தையும் ஒரே மூச்சுல ஊத்துவாரு. உப்பு கிடுகிடுன்னு ஏறி பொசுக்குன்னு இறங்கினா எந்த கோரலுக்கு தாங்கும்?

அதுக்குத்தான் குறைஞ்ச தண்ணிய தானா ஊத்துற ஆட்டோ டாப் அப் மெஷின் இருக்கேன்னு சொல்வீங்க. இருக்கு, கண்டிப்பா வைங்க. ஆனா மிதவை ஸ்விட்ச் மேல ஒரு நத்தை ஏறி உக்காந்தா போதும், மெஷினுக்கு தண்ணி இருக்கா இல்லையான்னு தெரியாது, ஒண்ணு ஊத்தவே ஊத்தாது இல்லனா பக்கெட் காலியாகுற வரைக்கும் ஊத்திட்டே இருக்கும். அதனால விவரம் தெரிஞ்சவங்க டாப் அப் பக்கெட்ட பெருசா வைக்க மாட்டாங்க, மொத்தமா உள்ள போனாலும் உப்பு பெருசா இறங்காத அளவுக்கு சின்னதா வெச்சு அடிக்கடி ரொப்புவாங்க. அந்த ரொப்புற சாக்குல தினமும் சம்ப்ப ஒருதடவை எட்டிப் பாக்குறோம் பாருங்க, பாதி ஆபத்து அங்கயே மாட்டிக்கும்.

அடுத்தது ஆல்கலினிட்டி, அதாவது தண்ணில இருக்குற கார்பனேட்டோட அளவு, டிகேஹெச்னு ஒரு கணக்குல அளப்பாங்க, என்னைக் கேட்டா மொத்த விவகாரமும் இங்கதான் இருக்கு. அக்ரோபோரா, மான்டிபோரா மாதிரி கல்லு கோரலெல்லாம் தண்ணில இருக்குற கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துதான் எலும்பு கட்டுது. நிறைய கோரல் இருக்குற டேங்க்ல ஒரே நாள்ல 1 டிகேஹெச், சில சமயம் அதுக்கு மேலயும் இறங்கிடும். கடல்லயே 7 பக்கம்தான், நம்ம 8, 9ல வெச்சிருப்போம், ஒரு வாரம் யாரும் பாக்காம விட்டா என்ன மிச்சம் இருக்கும்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க. மருந்த அளந்து தானா ஊத்துற டோசிங் பம்ப் வெச்சாலும் அதோட ட்யூப் நாளாக நாளாக தொய்ஞ்சு, 10 மில்லி ஊத்துறேன்னு சொல்லிட்டு அதவிட கம்மியா ஊத்திட்டு இருக்கும்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, இத தெரிஞ்சுகிட்டாலே வர்றவர் வேலை தெரிஞ்சவரான்னு கண்டுபிடிச்சிடலாம். ஆல்கலினிட்டி 2.8 டிகேஹெச் இறங்கும்போது கூடவே கால்சியம் வெறும் 20 பிபிஎம்தான் இறங்கும். அதாவது 8.4 இருந்த ஆல்கலினிட்டி 5.6க்கு வந்து கோரல் செத்துட்டு இருக்கும், அதே நேரத்துல கால்சியம் 420ல இருந்து 400க்கு வந்திருக்கும், வீட்டு டெஸ்ட் கிட்ல அந்த வித்தியாசம் கைத்தவறுக்குள்ளயே அடங்கிடும். கால்சியத்த மட்டும் பாத்துட்டு எல்லாம் நார்மல் சார்னு சொல்லிட்டு போறவர் பொய் சொல்லல, பாக்க வேண்டியத பாக்கல. ஆல்கலினிட்டி டெஸ்ட் ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. சின்ன குப்பில டேங்க் தண்ணி, ரெண்டு மூணு சொட்டு கலர் மருந்து, அப்புறம் ஊசியில்லாத சிரிஞ்ச்ல சொட்டு சொட்டா விட்டு ஆட்டிட்டே இருக்கணும், ரொம்ப நேரம் நீலப்பச்சையாவே இருக்கும், ஒரு சொட்டுல கொஞ்சம் மங்கும், அடுத்த சொட்டுல சட்டுனு ஆரஞ்சும் பிங்க்கும் கலந்த கலர் வரும், சிரிஞ்ச்ல எவ்வளவு மிச்சம்னு பாத்து அட்டவணைல ஒத்துப் பாக்கணும், அவ்வளவுதான். வாரத்துல ரெண்டு மூணு தடவை இத செய்ய முடியாதுன்னா, கல்லு கோரல் நமக்கு வேணாம்.

இறங்கினத விட மோசம் அவசரமா ஏத்துறது. வாரம் ஒருதடவை வர்றவருக்கு அன்னிக்கே சரி பண்ணிக் காட்டணும்னு இருக்கும், 6ல கிடக்குறத ஒரே ஊத்துல 9க்கு கொண்டு போயிடுவாரு, ரெண்டு நாள் கழிச்சு நுனியெல்லாம் வெள்ளையா வெந்த மாதிரி நிக்கும். ஒரு நாளைக்கு 1 டிகேஹெச்சுக்கு மேல ஏத்தாம இருக்கிறதுதான் நல்லது. அடுத்த நாளும் வந்து ஏத்த அவருக்கு நேரம் ஏது? அந்த அடுத்த நாள் ஆள் நாமதான்.

இன்னொன்னு, நம்ம காசு எதுக்கு கொடுக்குறோமோ அந்த வேலைதான் நடக்கும். சாயங்காலம் வந்து பாக்கும்போது கண்ணாடி பளபளன்னு, பாறையெல்லாம் சுத்தமா, தண்ணி பளிங்கு மாதிரி இருந்தா வேலை நடந்திருக்குன்னு சந்தோஷப்படுறோம். வர்றவருக்கும் அது தெரியும். அதனால பாறைய பிரஷ் போட்டு தேச்சு, பாஸ்பேட் உறிஞ்சுற மருந்த தாராளமா போட்டு, மீன் சாப்பாட்டுலயும் கழிவுலயும் இருந்து வர்ற நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்கு இறக்கிடுவாரு. பூஜ்யம்ங்கிறது ரீஃப் டேங்க்ல நல்ல செய்தி இல்லைங்க. கோரலுக்கும் கொஞ்சம் சாப்பாடு வேணும், ரெண்டும் சுத்தமா இல்லாத தண்ணிலதான் பழுப்பு கலர்ல சளி மாதிரி, குமிழியோட நூல் நூலா டைனோஃப்ளாஜெலேட்ங்கிற நுண்ணுயிர் வந்து உக்காரும், அது வந்துட்டா விரட்டுறது பெரும் பாடு. கண்ணாடிக்கு காசு கொடுக்காதீங்க, நம்பருக்கு கொடுங்க. டேங்க் பக்கத்துல ஒரு நோட்டு வைங்க, வர்றவர் தேதி போட்டு உப்பு, சூடு, ஆல்கலினிட்டி, நைட்ரேட், பாஸ்பேட், என்ன செஞ்சாருன்னு எழுதணும், நடுவுல நம்ம செஞ்சதையும் நாம எழுதணும். எழுத மாட்டேன்னு சொல்றவர் வேணவே வேணாம். உப்பு அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர எத வெச்சு சரி பாக்குறீங்கன்னும் கேளுங்க, 35 பிபிடின்னு ஏற்கனவே அளந்து வெச்ச திரவம்னு சொன்னா ஆள் சரி, அதெல்லாம் தேவையில்ல சார் கரெக்டா காட்டும்னு சொன்னா யோசிங்க.

அவங்க பக்கமும் சொல்லணும். நடுவுல ஒரு புது மீன வாங்கிட்டு வந்து தனியா வெச்சு பாக்காம நேரா உள்ள விடுறது, ஊருக்கு போறோம்னு ஒரு பிடி சாப்பாட அள்ளிக் கொட்டுறது, லைட்ட கூட்டி வெச்சா அழகா இருக்குன்னு கூட்டிடுறது, இது எதையும் வர்றவர்கிட்ட சொல்றதில்ல, கடைசில மீன் செத்தா மட்டும் உங்களாலதான் போச்சுன்னு அவர்மேல பாயுறது. அந்த நோட்டு அவருக்கும்தான் சாட்சி.

சரி, எத தாராளமா கொடுக்கலாம்? தண்ணி மாத்துறத கொடுங்க. 400 லிட்டர் டேங்க்னா 10 சதவீதமே 40 லிட்டர், அத முந்தின நாளே உப்பு கலக்கி, சூடு ஒத்துப் பாத்து, தூக்கி ஊத்தணும், இடுப்பு வலி இருக்குறவங்களுக்கு இது தேவையில்லாத தண்டனை. நுரையால கழிவ பிரிச்செடுக்குற ஸ்கிம்மரோட கழுத்துல படியுற பிசுக்க கழுவுறது (அது படிஞ்சா நுரை மேல ஏறாது, நாத்தம் வேற), பம்ப்ப கழட்டி வினிகர்ல ஊறப்போட்டு சுண்ணாம்பு படிஞ்சத எடுக்குறது, சம்ப் அடில தங்குற கசட்ட உறிஞ்சுறது, ஆர்ஓ ஃபில்டர் மாத்துறது, பைப் வேலை, எல்லாத்தையும் கொடுங்க. இதுல நம்மள விட அவங்க கை சுத்தம். ஒரே ஒரு நிபந்தனை, வலை, பக்கெட், ஓஸ், ஸ்கிரேப்பர் எல்லாம் நம்ம வீட்டுதாவே இருக்கட்டும். காலைல வேற வீட்டு டேங்க்ல விட்ட ஈர வலைய மத்தியானம் நம்ம டேங்க்ல விட்டா, அங்க இருக்குற வெள்ளைப்புள்ளி நோயும் வெல்வெட் நோயும் (ரெண்டும் மீன்மேல ஒட்டுற ஒட்டுண்ணியால வர்றது) டிக்கெட் இல்லாம நம்ம வீட்டுக்கு வந்துடும்.

வெல்வெட் வந்தா ரெண்டு மூணு நாள்ல டேங்க்கே காலியாகலாம், வாரம் ஒருதடவை வர்றவர் வந்து பாக்குறது பொணத்ததான். மீன் மூச்சு வேகமா வாங்குது, சாப்பாட்டுக்கு வரல, பம்ப் தண்ணிய அடிக்கிற இடத்துலயே போய் நிக்குதுன்னு காலைல அஞ்சு நிமிஷம் பாக்குறவங்களுக்குத்தான் முதல்ல தெரியும். நேத்து வரைக்கும் விரிஞ்ச கோரல் இன்னிக்கு ஏன் சுருங்கி நிக்குது, எப்பவும் கண்ணாடில ஒட்டிட்டு இருக்குற பெரிய நத்தை எங்க காணோம், பாறைக்குப் பின்னாடி செத்துக் கிடந்து அமோனியாவ ஏத்துதா, இதெல்லாம் அந்த டேங்க்கோட வாழ்றவங்க கண்ணுக்கு மட்டும்தான் படும்.

இப்ப எல்லாத்துக்கும் கன்ட்ரோலர் வந்துடுச்சு, போன்லயே பாத்துக்கலாம்னு ஒரு கோஷ்டி சொல்லுது. நல்லதுதான், ஆனா தண்ணியோட அமில காரத்த அளக்குற பிஹெச் ப்ரோப் நாளாக நாளாக தப்பா காட்டும், அதையும் ஒருத்தர் சரி பாக்கணும். இந்தோனேசியாவுல லீ சின் எங்னு ஒருத்தர், சின்னச் சின்ன உயிர்கள் குடியிருக்குற 'உயிருள்ள பாறை'யும் காத்து குமிழியும் மட்டும் வெச்சு கடல் தொட்டி நடத்துற முறைய 1961லயே எழுதிட்டாரு. அவருக்கு எந்த ஆப்பும் அலர்ட் அனுப்பல.

என் அபிப்பிராயத்துல நம்ம ஆளுங்க வரிசைய தலைகீழா வெச்சிருக்காங்க. முதல்ல ஆள் வெச்சுக்கலாம், அப்புறம் மெதுவா கத்துக்கலாம்னு ஆரம்பிக்கிறாங்க. முதல் சில மாசம்தான் நாமளே பண்ணணும். பாக்டீரியா வளர்ந்து அமோனியா நைட்ரைட் ஆகி நைட்ரேட் ஆகுற அந்த நாலஞ்சு வாரம், அப்புறம் மண்ணெல்லாம் பழுப்பு படியுற அசிங்கமான காலம், அப்பதான் பொறுமையா இருந்தா தானா சரியாகும்னு நமக்கே புரியும். ஆள் வெச்சா, காசு வாங்கிட்டு சும்மா இருக்குறது எப்படின்னு அவர் ஏதாவது ஒரு பாட்டில ஊத்திட்டு போவாரு.

வயசானவங்க, உடம்பு முடியாதவங்க, ஆஸ்பத்திரி ஆபீஸ் வரவேற்பறைல வெச்சிருக்கறவங்க, இவங்களுக்கு முழுசா ஆள்தான் வழி, தப்பே இல்ல. அப்படின்னா கோரல மாத்துங்க. மஷ்ரூம், லெதர், ஸூவாந்திட் மாதிரி மென்மையான கோரல் போதும், அதெல்லாம் கல்லு எலும்பு கட்டுறதில்ல, ஆல்கலினிட்டி பெருசா இறங்காது, வாரம் ஒருதடவை பாத்தாலும் தாக்குப் பிடிக்கும். கரன்ட் போனா என்ன பண்றதுன்னு மட்டும் வீட்ல ஒருத்தருக்காவது தெரியணும், பேட்டரில ஓடுற ஏர் பம்ப் ஒண்ணு இருந்தா பாதி கவலை தீரும்.

ஸூவாந்திட்னு சொன்னதும் இத சொல்லாம விடக்கூடாது. அந்தக் குடும்பத்துலயும், முக்கியமா பாலிதோவாவுலயும் சிலதுல பாலிடாக்ஸின்னு கொடிய விஷம் இருக்கும். அது ஒட்டின பாறைய சுடுதண்ணில போட்டு கழுவுறது, கொதிக்க வைக்கிறது, வெளிய எடுத்து அழுத்தித் தேய்க்கிறது எதுவும் கூடாது, ஆவியிலயும் சாரல்லயும் விஷம் கலந்து வீட்ல இருக்குறவங்க மொத்த பேரும் ஆஸ்பத்திரிக்கு போன சம்பவமெல்லாம் நடந்திருக்கு. எந்தப் பாறைல அது இருக்குன்னு வேலைக்கு வர்றவருக்கு விரல் நீட்டி காட்டுங்க, கையுறையும் கண்ணுக்குப் போடுற பாதுகாப்பு கண்ணாடியும் நீங்களே வாங்கி வைங்க, கைல வெட்டுக்காயம் இருந்தா அன்னிக்கு தண்ணில கை விட வேணாம்னு திருப்பி அனுப்புங்க. மீன் தொட்டி தண்ணில மைக்கோபாக்டீரியம் மரினம்னு ஒரு கிருமி இருக்கலாம், காயம் வழியா உள்ள போனா ரெண்டு மூணு வாரம் கழிச்சு ஆறாத கட்டியா வரும், அவரும் எதோ கொப்புளம்னு நினைச்சு களிம்பு தடவிட்டு இருப்பாரு. அந்த மாதிரி எதாவது வந்தா டாக்டர்கிட்ட மீன் தொட்டி வேலை பாக்குறேன்னு மறக்காம சொல்லச் சொல்லுங்க, அத சொல்லலன்னா டாக்டருக்கு இந்தக் கிருமி மேல சந்தேகம் வர ரொம்ப நாளாகும்.

இப்படிக்கு,
ரீஃப் டேங்க் வெச்சிருக்கும் ஒரு வாசகர்