கால் கிராம் 0.3 ஆன கதை: உங்கள் ‘சாம்பிள்’ பகுதி பற்றிய புகார்

பெறுநர்:
பொறுப்பாளர், வாடிக்கையாளர் ஆதரவுப் பிரிவு, கோவை அலுவலகம்

பொருள்: உங்கள் மென்பொருள் மாநில அரசின் பதிவேட்டுக்குத் தவறான சாம்பிள் எடையை அனுப்பியது தொடர்பாக

வணக்கம்.

அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் கஞ்சா வளர்ப்பு உரிமமும் தயாரிப்பு உரிமமும் வைத்திருக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் நான் சரக்குக் கணக்கு பார்க்கிறேன். உங்கள் மென்பொருளை ஒன்றரை வருடமாகப் பயன்படுத்துகிறோம். இந்தக் கோளாறு பற்றி ஆங்கிலத்தில் ஆறு முறை புகார் பதிந்தேன். ஆறுக்கும் ஒரே பதில்தான்: உலாவியின் கேஷை (சேர்ந்திருக்கும் பழைய தற்காலிகக் கோப்புகளை) அழித்துவிட்டு மறுபடி உள்ளே வாருங்கள். ஏழாவது முறை போனில் வந்த தம்பி, என் பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், இதை அப்படியே எழுதி அனுப்புங்க, எங்க டீம் லீடும் தமிழ்தான்” என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். அந்தத் தம்பி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நம் ஊரில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி கஞ்சாவைக் கையில் வைத்திருந்தாலே வழக்கு. அந்த ஊரில் உட்கார்ந்து இந்தத் தொழிலுக்கு மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு கால் கிராம் பொட்டலம் எப்படி இருக்கும் என்று பார்க்க வழியில்லைதான். அது உங்கள் தவறில்லை. ஆனால் விதியைப் படிக்க யாரும் தடுக்கவில்லையே.

எங்கள் கொலராடோ மாநிலத்தில் 2014 ஜனவரி 1 முதல் பெரியவர்களுக்குக் கஞ்சா சில்லறை விற்பனை நடக்கிறது. செடியிலிருந்து கடை வரை ஒவ்வொரு அசைவும் மெட்ரக் என்ற மாநிலக் கண்காணிப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 24 எழுத்துக் கொண்ட ஒரு டேக், அதாவது அடையாளச் சீட்டு, உண்டு. உங்கள் மென்பொருள் எங்களுக்கும் அந்தப் பதிவேட்டுக்கும் நடுவில் நிற்கிறது. நடுவில் நிற்பவர் தப்பாகச் சொன்னாலும் உரிமம் வைத்திருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். இங்கே விதி அப்படி. உங்கள் ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் நீங்களும் அதையேதான் எழுதியிருக்கிறீர்கள்.

சாம்பிளுக்கு வருகிறேன். முன்பெல்லாம் வளர்ப்பவரே தன் சரக்கை ருசி பார்க்கச் சட்டத்தில் இடம் இல்லை. 2018இல் வந்த மசோதா 1259 அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தது. ஒரு நிறுவனம் அதிகபட்சம் ஐந்து மேலாளர்களுக்குத் தரச் சோதனைக்காகச் சாம்பிள் தரலாம். ஒரு பேட்சுக்கு (ஒன்றாகத் தயாரான ஒரு தொகுதிக்கு) ஒருவருக்குப் பூ என்றால் 1 கிராம், கான்சன்ட்ரேட் (செடியிலிருந்து பிரித்தெடுத்த செறிவான சரக்கு) என்றால் 0.25 கிராம், அதையே ஆவியாக்கி இழுக்கும் வேப் கருவியில் போடுவது என்றால் 0.5 கிராம், தின்பண்டம் என்றால் போதை தரும் பொருளான டி.எச்.சி. 10 மில்லிகிராமுக்கு மிகாத ஒரு பங்கு. அதைச் சம்பளத்தின் பகுதியாகக் கொடுக்கக் கூடாது, விற்கக் கூடாது, எங்கள் வளாகத்துக்குள் உபயோகிக்கவும் கூடாது.

இந்த எண்களில் 0.25 ஒன்றுக்குத்தான் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் தேவை. உங்கள் சாம்பிள் பகுதி ஒரே ஒரு இலக்கத்தோடு நிற்கிறது. 1 தப்பித்தது, 0.5 தப்பித்தது, 0.25 மட்டும் 0.3 ஆகிவிட்டது. நாங்கள் மே மாதம்தான் ரோசின் என்ற கான்சன்ட்ரேட்டைச் சாம்பிளாகக் கொடுக்க ஆரம்பித்தோம் என்பதால் அதுவரை யார் கண்ணிலும் இது படவில்லை.

“அது திரையில் தெரிவது மட்டும்தான், உள்ளே சரியாக இருக்கும்” என்று நாலாவது பதிலில் மட்டும் கூடுதலாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். சரி, நம்பினேன். அப்புறம் மெட்ரக்கில் போய் ஒவ்வொரு டேக்காகத் திறந்து பார்த்தேன். அங்கேயும் 0.3. மே, ஜூன் இரண்டு மாதத்தில் 16 பேட்ச், ஐந்து மேலாளர்கள், ஆக 80 பதிவுகள். எங்கள் தராசு 0.25 என்று அச்சடித்த சீட்டு எண்பதும் கோப்பில் இருக்கிறது. ஆனால் அரசுப் பதிவேட்டின்படி நாங்கள் 80 முறை வரம்பை மீறியிருக்கிறோம்!

இன்னொரு பக்கம், ஜாடியில் 4 கிராம் கூடுதலாக இருக்கிறது. தலைக்கு 0.05 வீதம் காகிதத்தில் மட்டும் வெளியே போன ரோசின் அது. இந்தத் தொழிலில் சரக்கு குறைந்தால் எங்கே கடத்தினாய் என்பார்கள். கூடினால், பதிவில்லாத சரக்கு எங்கிருந்து வந்தது என்பார்கள். இரண்டாவதுக்குப் பதில் சொல்வது இன்னும் கஷ்டம். மாதக் கடைசி எண்ணிக்கையில் நானே கண்டுபிடித்ததால் பிழைத்தோம். மாநிலக் கஞ்சா அமலாக்கப் பிரிவின் ஆய்வாளர் வந்து தராசில் வைத்திருந்தால், ‘மென்பொருள் ஒரே இலக்கத்துக்குத் தோராயமாக்கிவிட்டது’ என்று சொல்லி நின்றிருக்க வேண்டும். அதை நானே நம்பியிருக்க மாட்டேன்.

இதோடு முடியவில்லை. உங்கள் பொத்தானில் ‘சாம்பிள்’ என்று ஒரே சொல்தான் இருக்கிறது. இங்கே சாம்பிள் இரண்டு வகை. ஒன்று மேலாளருக்குக் கொடுப்பது, மற்றது உரிமம் பெற்ற ஆய்வகத்துக்குப் போவது. ஆய்வகச் சாம்பிள் என்று பதிந்தால், அது எடுக்கப்பட்ட மூலப் பொட்டலமும் சோதனைக்கு அனுப்பப்பட்டதாக நிலை மாறிவிடும். ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை, ஏற்கெனவே சோதனையில் தேறிய ஒரு பேட்சிலிருந்து எங்கள் ஊழியர் மேலாளர் சாம்பிள் எடுத்தார். உங்கள் மென்பொருள் அதை ஆய்வகக் கணக்கில் போட்டது. தேறிய பேட்ச் மறுபடி முடிவுக்குக் காத்திருக்கும் பேட்ச் ஆயிற்று. கடைக்குப் போக வேண்டிய வண்டி சரக்கு ஏற்ற முடியாமல் மதியம் வரை வாசலில் நின்றது. அந்தக் கடைக்காரர் அன்றைக்கு வேறு ஒருவரிடம் வாங்கிக்கொண்டார். ஓட்டுநருக்கு நான் வாங்கிக் கொடுத்த மூன்று காப்பியை உங்கள் கணக்கில் எழுதவில்லை, கவலை வேண்டாம்.

மாத வரம்பிலும் ஒரு கோளாறு இருக்கிறது. ஒரு மேலாளர் ஒரு மாதத்தில் வாங்கும் சாம்பிளுக்கு மொத்த வரம்பு உண்டு. மாதம் என்றால் நாட்காட்டி மாதம். நீங்கள் கடந்த 30 நாள் என்று எண்ணுகிறீர்கள். மார்ச் 1 அன்று கொடுத்தது, மார்ச் 31 அன்று உங்கள் கணக்கிலிருந்து நழுவிவிடும், சட்டத்தின் கணக்கில் இருந்துகொண்டே இருக்கும். உண்மையைச் சொன்னால் எங்கள் அளவுக்கு நாங்கள் அந்த வரம்பின் பக்கத்தில்கூடப் போனதில்லை. பெரிய வாடிக்கையாளர் யாராவது போயிருப்பார்கள். அவர்களுக்கு நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

எனக்கு இப்போது அவசரமாக வேண்டியது ஒரு கடிதம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை உங்கள் மென்பொருள் எடையை மாற்றி அனுப்பியது, அந்த 80 டேக் எண்கள் எவை, நாங்கள் உள்ளிட்ட எடை என்ன, நீங்கள் அனுப்பிய எடை என்ன என்று உங்கள் நிறுவனத் தாளில் கையொப்பத்தோடு எழுதித் தர வேண்டும். நாங்கள் உள்ளிட்டதைக் காட்டும் பதிவு உங்கள் சர்வரில்தான் இருக்கிறது, எங்களால் எடுக்க முடியாது. அதை வைத்துத்தான் பதிவேட்டில் திருத்தம் போட்டு, ஏன் திருத்தினோம் என்று அமலாக்கப் பிரிவுக்கு எழுதப் போகிறேன். இந்த மாதம் முடிவதற்குள் அது கைக்கு வர வேண்டும்.

இரண்டு இலக்கம் சேர்ப்பதையும் பொத்தானை இரண்டாகப் பிரிப்பதையும் எப்போது முடிப்பீர்கள் என்று தேதி சொல்லுங்கள். அதுவரை சாம்பிள் பகுதியை எங்கள் கணக்கில் மூடி வையுங்கள், நாங்கள் நேராக மெட்ரக்கிலேயே பதிந்துகொள்கிறோம். அந்த இரண்டு மாதச் சந்தாவைத் திருப்பித் தர வேண்டும் என்றும் கேட்கிறேன். 80 சீட்டையும் டேக்கையும் ஒப்பிட நானும் என் உதவியாளரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தோம்.

தராசுச் சீட்டுகளின் படங்களையும் பதிவேட்டின் திரைப் படங்களையும் இணைத்திருக்கிறேன். பேச வேண்டும் என்றால் எங்களுக்குக் காலை எட்டரைக்கு, உங்களுக்கு இரவு எட்டு மணிக்கு, கூப்பிடுங்கள். முடிந்தால் அந்தத் தம்பியையே பேசச் சொல்லுங்கள். மறுபடி முதலிலிருந்து விளக்க எனக்குத் தெம்பு இல்லை.

இப்படிக்கு,
சரக்குக் கணக்கு மேலாளர்,
டென்வர், கொலராடோ