காற்று உண்டா, இல்லையா?

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதியில் எங்கள் இருவருக்கும் ஏக சந்தோஷம். இங்கே கத்திரி முடிந்தும் வெயில் விட்டபாடில்லை. பகலெல்லாம் காய்ந்த மலை, ராத்திரி பத்து மணிக்கும் அனலைக் கக்குகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். 40 ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள கிரகத்தில் காற்று இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கிரகம் அதன் நட்சத்திரத்துக்குப் பின்னால் போய் மறையும்வரை காத்திருக்கிறார்கள். மறைவதற்கு முன் வருவது இரண்டும் சேர்ந்த அகச்சிவப்பு ஒளி. மறைந்ததும் நட்சத்திரத்தினுடையது மட்டும். கழித்தால் மிஞ்சுவது கிரகத்தின் சூடு. 2005லேயே ஸ்பிட்சர் தொலைநோக்கியால் இதைச் செய்துவிட்டார்கள்.

நீ கேட்ட அந்த 40 ஒளியாண்டுக் கிரகத்தின் பெயர் டிராப்பிஸ்ட்-1பி. அதை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி இப்படி அளந்த முடிவு 2023ல் வந்தது. கிரகம் மறைந்ததும் மொத்த ஒளியில் குறைந்தது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லையடா! அதை வைத்துப் பகல் பக்கம் சுமார் 230 டிகிரி செல்சியஸ் என்று கணக்கிட்டார்கள். அது எப்போதும் ஒரே முகத்தைத்தான் நட்சத்திரத்துக்குக் காட்டுகிறது. கனமான காற்று இருந்தால் சூட்டில் ஒரு பங்கை இருட்டுப் பக்கம் கொண்டுபோயிருக்கும். பகல் பக்கம் 125 டிகிரிவாக்கில் நின்றிருக்கும். அப்படி இல்லை. ஆக, நம்ம ஊர் மலை மாதிரி மொட்டைப் பாறை என்றார்கள்.

எனக்கு இங்கேதான் இடித்தது. அளந்தது 15 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தில்; கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தை விழுங்கும் அலைநீளம் அது. மேல்காற்று குளிர்ந்திருந்தால் அங்கே கிரகம் மங்கித் தெரியும். ஆனால் மேலே ஒரு புகைமூட்டம் சூடேறிக் கிடந்தால், அதே வாயு வெப்பத்தை வெளியே தள்ளும்; கிரகம் பளிச்சென்று தெரியும். 2024ல் 12.8 மைக்ரான் அளவையும் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர்களே, பாறையும் பொருந்துகிறது, இப்படிப்பட்ட காற்றும் பொருந்துகிறது என்று எழுதினார்கள். என் ஓட்டு பாறைக்குத்தான். இருந்தாலும் ஒரே அலைநீளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது அவசரம்.

நம்ம காவலூர் வானாய்வகத்திலும் இப்படி நடந்ததுதானே? 1972ல் வியாழனின் நிலா கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்ததை 1 மீட்டர் தொலைநோக்கியில் அளந்து, மெல்லிய காற்று இருக்கலாம் என்றார்கள். பிற்பாடு வாயேஜர் விண்கலம் போய்ப் பார்த்தால், அந்த அளவுக்குக் காற்றே இல்லை.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? ஆலங்காயம் வழியாகக் காவலூர் போய்வரலாம். பார்வையாளர் நேரத்தை விசாரித்து வைக்கிறேன். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
தணிகாசலம்