போத்தல் காசை விட்டுவிடாதீர்கள்

உறுப்பினர்களுக்கு வணக்கம். டென்மார்க் கடைகளில் பானம் வாங்கும்போது ‘பான்ட்’ என்ற வைப்புத்தொகையும் சேர்த்தே கட்டுகிறோம். ஒரு லிட்டருக்குக் குறைந்த கேனுக்கும் கண்ணாடிப் போத்தலுக்கும் 1 குரோனர் (குறி ஏ), பிளாஸ்டிக்குக்கு 1.50 (பி), ஒரு லிட்டரும் அதற்கு மேலும் 3 (சி).

காலிக் கேனையும் போத்தலையும் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் அந்தக் காசு திரும்பக் கிடைக்கும். தயவுசெய்து கேனை நசுக்காதீர்கள். பார்கோடும் பான்ட் குறியும் தெரியாவிட்டால் இயந்திரம் திருப்பித் தள்ளிவிடும். காலியாக, அடிப்பக்கம் முன்னால் போக வையுங்கள். பிறகு ரசீது பொத்தானை அழுத்துங்கள். சில இயந்திரங்களில் பக்கத்திலேயே நன்கொடைப் பொத்தானும் உண்டு, கவனம். ரசீதை அதே கடைக் கவுண்டரில் கொடுத்தால் பில்லில் கழிப்பார்கள். ஜெர்மன் எல்லைக் கடைக் கேன்களில் டென்மார்க் குறி இல்லையென்றால் காசு கிடைக்காது. வைன் போத்தலுக்கும் பான்ட் இல்லை. அது கண்ணாடிக் கழிவுத் தொட்டிக்கு.